நடுக்கடலில் துறைத் தண்ணீர்

கடலைப் பகுதி பகுதியாகப் பிரித்து வண்ணம் தீட்டுவதுதான் அவளுக்கு உத்தியோகம். சொன்னால் யாரும் நம்புவதில்லை. "தண்ணிக்கு எவளாவது வேலி போடுவாளாடி?" என்று உடன்பிறந்த அக்காவே கேட்டுச் சிரித்திருக்கிறாள்.

வேலி அல்ல. கடலின் மேல்தோல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஓரிடத்தில் வெதுவெதுப்பு, ஓரிடத்தில் குளிர்ச்சி. ஆறு வந்து விழுகிற இடத்தில் உப்பு குறைவு. பாசி மண்டிய இடத்தில் பச்சை. இதையெல்லாம் கட்டம் கட்டமாக அளந்து, குணம் ஒத்த கட்டங்களை ஒன்றாகச் சேர்த்தால் அது ஒரு பகுதி. அவள் பழக்கிவைத்த கணினி இந்தப் பிரிவினையைத் தினமும் காலையில் புதிதாகச் செய்யும். பிறகு பகுதிக்கு ஒரு எச்சரிக்கை போகும். முன்பு முழுக் கடலுக்கும் சேர்த்து ஒரே எச்சரிக்கை. எங்கோ ஒரு மூலையில் காற்று கிளம்பினால் எல்லாப் படகும் கரையில் கட்டிக் கிடக்கும். கிடந்து சலித்தவர்கள் பிறகு எந்த எச்சரிக்கையையும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். அந்தச் சலிப்பைப் போக்கத்தான் இந்தப் படம்.

ஆறு பகுதிகளுக்கும் தாளில் எண்தான் உண்டு. அலுவலகத்தில் புழங்குகிற பெயர்கள் வேறு. கரையோரம் ஒட்டிய ஆழமில்லாத, சூடான, அமைதியான தண்ணீருக்கு 'துறை'. ஆற்று முகத்துக்கு 'வாய்'. பாசிக்குப் 'பச்சை'. அலையே இல்லாத தெற்குப் பக்கத்துக்குக் 'கண்ணாடி'. மேற்கிலிருந்து நீளும் குளிர் நீரோட்டத்துக்கு 'நீட்டுக்கை'. நடுவில், மழைக்காலத்தில் காற்றும் அலையும் கைகோத்துக்கொள்கிற பெரும்பரப்புக்கு 'முரடன்'.

முரடனின் வயிற்றுக்குள் ஒரு சின்னத் துண்டு இருந்தது. பத்தொன்பது கட்டம். அதன் நிறம் துறையின் நிறம்.

கரையிலிருந்து அத்தனை தூரத்தில், ஆழம் தெரியாத தண்ணீரில், எப்படி ஒரு துறை? மழை தொடங்கி, சோதனைப் படம் படகுக்காரர்களின் கைபேசிகளுக்குப் போக ஆரம்பித்த நாளிலிருந்து அது அங்கேதான் கிடந்தது. மற்றப் பகுதிகளின் எல்லைகள் தினமும் கொஞ்சம் நகரும். முரடன் ஒருநாள் வீங்குவான், ஒருநாள் ஒடுங்குவான். இந்தத் துண்டு மட்டும் இம்மி அசையவில்லை.

சென்ற வாரக் கூட்டத்தில் இயக்குநர் அதன்மேல் பேனாவை வைத்துத் தட்டினார். எதையும் 'சுருக்கமா சொல்லுங்க' என்று தொடங்கிவிட்டுத் தானே அரைமணி நேரம் பேசுவார் என்பதால் அவருக்குச் சுருக்கம் சார் என்றே பெயர்.

"இது என்னம்மா கன்னத்துல மச்சம் மாதிரி? சுருக்கமா சொல்லுங்க."

"அடியில மலை இருக்கலாம் சார். நீரோட்டம் அதைச் சுத்திப் போறதால தண்ணி அங்கேயே தங்கிச் சூடாகும்."

"மலை இருக்கா?"

"அந்த இடத்தை யாரும் சரியா அளக்கல சார்."

"பன்னிரண்டு கட்டத்துக்குக் கீழ இருக்கற துண்டை எல்லாம் பக்கத்துப் பகுதி விழுங்கிடும்னு நீங்கதானே விதி வெச்சீங்க? அதை இருபதாக்கிட்டா மச்சம் போயிடும்."

"மச்சம் மட்டும் போகாது சார். ஆத்து வாய்க்கு வெளியில பதினஞ்சு கட்டத்துல ஒரு சுழி இருக்கு. அதுவும் போயிடும். சின்னப் படகுங்க எல்லாம் அந்த வழியாத்தான் திரும்புது."

அவள் சொன்ன காரணத்தில் பிசகு இல்லை. ஆனால் அந்தக் காரணத்தைச் சொன்ன வாய்க்கு வேறொரு காரணமும் தெரியும். அவளுடைய கணவன் வேலை பார்த்த சரக்குக் கப்பல் கடைசியாகத் தன் இடத்தைச் சொன்ன புள்ளி, அந்தப் பத்தொன்பது கட்டங்களின் நட்டநடுவில் இருந்தது.

நாலு வருடம் ஆகிவிட்டது. கப்பல் மூழ்கியதை ஒருவரும் பார்க்கவில்லை. ஒரு பலகைகூட ஒதுங்கவில்லை. ஆகவே வீட்டில் அந்தச் சொல்லை யாரும் வாயில் எடுப்பதில்லை. 'வரல' என்பதுதான் அந்த வீட்டுப் பேச்சு. இன்னும் வரல. அவ்வளவுதான்.

வீட்டில் மாமியாரும் அவளும்தான். கொழுந்தன் மீன்பிடிப் படகில் போகிறவன். கரைக்கு வந்தால் வீட்டுக்கு வருவான், வந்தால் வீடு கலகலக்கும். மற்ற நாட்களில் இரண்டு பெண்களும் ஒரு சுவர்க்கடிகாரமும். கதவுக்குப் பின்னால் உள்ள கொக்கியில் மூத்த மகனின் வெளிர்நீலச் சட்டை தொங்கும். வாராவாரம் மாமியார் அதைத் துவைத்துத் தேய்த்துத் திரும்ப மாட்டுவாள். யாரும் போடாத சட்டை எப்படி அழுக்காகும் என்று கொழுந்தன் ஒருமுறை வாய்விட்டுக் கேட்டான். "தூசி படியாதாடா?" என்று கேட்டு அவன் வாயை அடைத்துவிட்டாள்.

தினமும் சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றும்போதே மாமியாரின் கேள்வி வரும்.

"அங்க எப்படி இருக்கு?"

எங்கே என்று கேட்க வேண்டியதில்லை. அலுவலகத்தை விட்டுக் கிளம்பும்முன் அந்த ஒரு கட்டத்தின் அன்றைய எண்ணைப் பார்த்துக்கொண்டு வருவது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. வெயில் மாதங்களில் எண் ஏறும், இறங்கும். மழை மாதங்களில் எப்போதும் ஒரே பதில்தான்.

"இருபத்தொன்பது அரை அத்தை."

"வெதுவெதுன்னு இருக்குமா?"

"இருக்கும்."

"நல்லது. மழையிலதான் அவனுக்குச் சூடா இருக்கணும். சின்னதுலயே அவனுக்கு நெஞ்சுச் சளி." சொல்லிவிட்டுத் தேநீர் வைக்க உள்ளே போவாள். உயிரோடு இருக்கிறானா இல்லையா என்கிற பேச்சே அதில் கிடையாது. வெளியூரில் இருக்கிற பிள்ளைக்கு அங்கே குளிரா என்று விசாரிக்கிற மாதிரிதான்.

கடல் படித்தவளுக்கு இது உறைத்திருக்க வேண்டும். மழைக்காலக் கடல் இரண்டு நாள் ஒரே சூட்டில் நிற்காது. அவள் தினமும் ஒரு எண்ணை மட்டும் பார்த்தாள். எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருநாளும் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கும் ஒரு கெட்டிக்காரத்தனம் வேண்டும். அது அவளிடம் நிறைய இருந்தது.

போன தடவை கரைக்கு வந்திருந்தபோது கொழுந்தன் சாப்பிட்டுக்கொண்டே ஒரு செய்தி சொன்னான்.

"அண்ணி, உங்க படம் எங்க படகுல செம ஹிட்டு. அதுல நடுவுல ஒரு சின்ன வட்டம் வருதே, அதுக்கு நாங்க என்ன பேர் வெச்சிருக்கோம் தெரியுமா? அண்ணி குளம்!"

அவள் கையிலிருந்த கரண்டி நின்றது. "யார் வெச்சது?"

"டிரைவர்தான். முன்ன காத்து கிளம்புதுன்னா வலையைச் சுருட்டிட்டு ஓடி வருவோம். இப்ப நேரா குளத்துக்குப் போயிடறோம். உங்க படம் அங்க துறை எச்சரிக்கைதானே காட்டுது, 'அமைதி'ன்னு. எங்களப் பாத்து இன்னும் நாலஞ்சு படகு வருது."

"அங்க நெஜமாவே அமைதியா இருக்கா?"

"இதுவரைக்கும் பெரிய காத்து எதுவும் வரல. தூறல் காத்துக்கு எங்க நின்னா என்ன?" தண்ணீர் குடித்தான். பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்தினான். அடுக்களையில் அம்மா பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டான். "ஆனா ஒண்ணு அண்ணி. அங்க போய் எஞ்சினை அணைச்சாலும் சத்தம் அடங்காது. அடியில, ரொம்ப அடியில, ஒரு எஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கற மாதிரி. டுக்கு டுக்கு டுக்குன்னு. காலை மரத்துல வெச்சா உள்ளங்கால்ல ஏறுது."

"நாள் பூரா எஞ்சின் மேல உக்காந்திருந்தா அந்தச் சத்தம் காதுலயே தங்கிடும்."

"எனக்கு மட்டும் கேட்டா சரி. ஆறு பேர் காதுலயுமா தங்கும்?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு அவன் கண் வரைக்கும் போகவில்லை. "பயப்படற சத்தம் இல்ல அண்ணி. வீட்டுக்குள்ள யாரோ இருக்கற மாதிரி ஒரு சத்தம்."

மறுநாள் விடிகாலை அவன் கடலுக்குப் போய்விட்டான்.

அதற்கடுத்து வந்த வியாழக்கிழமைதான் தென்மேற்கில் காற்றழுத்தம் தாழ்ந்து ஒரு பெருங்காற்று திரளத் தொடங்கியது. இரவுக்குள் முரடனுக்குள் நுழைந்துவிடும் என்று காற்றுப் பிரிவு காலையிலேயே சொல்லிவிட்டது. வானம் முழுக்க மேகம். அலுவலக ஜன்னல்கள் திறக்காத வகை. இருந்தும் கண்ணாடி மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது. அன்று மதியம் போக வேண்டியது சோதனை எச்சரிக்கை அல்ல, முதல் மெய்யான எச்சரிக்கை. சுருக்கம் சார் மூன்று தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

படகுகள் நிற்கிற இடத்தைக் காட்டும் திரையை அவள் திறந்தாள். பச்சைப் புள்ளிகளில் பாதி கரையை நோக்கி வந்துகொண்டிருந்தன. ஆறு புள்ளிகள் எதிர்த்திசையில் நடுக்கடலை நோக்கி நகர்ந்தன. அதில் ஒன்று கொழுந்தனின் படகு.

குளத்துக்குப் போகிறார்கள்.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த ஒரு கட்டத்தின் சூட்டை, மழை தொடங்கிய நாள்முதல் இன்றுவரை, ஒரே வரிசையாக வரையச் சொன்னாள். இத்தனை நாள் செய்யாததைச் செய்ய ஒரு பொத்தான்தான் தேவைப்பட்டது.

பக்கத்துக் கட்டங்களின் கோடுகள் மூச்சு வாங்கும் நெஞ்சு போல ஏறி இறங்கின. நடுக்கட்டத்தின் கோடு நூல் பிடித்தது போலப் படுத்துக் கிடந்தது. போன வருட மழையை வரைந்தாள். அதே கோடு. அதற்கும் முந்தைய வருடம். அதே. எந்தக் கடலும் அப்படிப் படுத்துக் கிடக்காது. உயிரோடு இருக்கிற எதுவும் அப்படிப் படுத்துக் கிடக்காது.

கீழ்த்தளத்துக்கு ஓடினாள். கப்பல்களில் தண்ணீரின் சூட்டை அளக்கும் கருவி பொருத்திப் பராமரிக்கிறவரின் அறை அங்கே. எந்நேரமும் கழுத்தில் ஒரு சுருள் கம்பியோடு திரிவதால் அவர் எல்லோருக்கும் கம்பி அண்ணன். அவள் தாளை மேசைமேல் வைத்ததும் கோட்டைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அழுக்கே இல்லாத கண்ணாடி.

"அண்ணே, இது எங்கேயிருந்து வருது?"

"உக்காரும்மா."

"உக்கார நேரமில்ல. இதை நம்பி ஆறு படகு அங்க போயிட்டிருக்கு. மேகம் மூடினா மேலேயிருந்து செயற்கைக்கோளுக்குத் தெரியாது. அப்ப கணினி எதை நம்பும்?"

"கப்பலை."

"அங்க எந்தக் கப்பல் இருக்கு?"

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணே."

"ஒரு கப்பல் பேசாமப் போயிட்டா," என்று மெதுவாகத் தொடங்கினார், "அது கடைசியாச் சொன்னதையே கணினி பிடிச்சு வெச்சுக்கும். மறுபடி பேசும்னு காத்திருக்கும். துறைக்கு வந்துடுச்சுன்னா நான் 'துறையில்'னு போடுவேன். உடைக்கப் போயிட்டா 'ஓய்வு'. இல்லேன்னா..." நிறுத்தினார். "இல்லேன்னா இன்னொண்ணு இருக்கு. அதை நான் போடல. 'பணியில்'னே விட்டுட்டேன்."

"நாலு வருஷமா?"

"நான் எப்படிம்மா அதை அழுத்துவேன்? அப்ப நீ எனக்கு ரெண்டு மேசை தள்ளி உக்காந்திருந்தே. பகல் பூரா போனையே பாத்துக்கிட்டு. நீயே சொல்ற வரைக்கும் இருக்கட்டும்னு விட்டேன். அப்புறம் எல்லாக் கணக்கும் புதுக் கணினிக்கு மாறிச்சு. அதுவும் கூடவே போயிடுச்சு. சத்தியமா மறந்துட்டேன்மா. இந்தக் கோட்டைப் பாக்கற வரைக்கும்."

கப்பல் இன்னும் பணியில் இருக்கிறது. தினமும் காலையில், எல்லாக் கப்பல்களோடும் வரிசையில் நின்று, தன் இடத்தையும் தண்ணீரின் சூட்டையும் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதைக் கேட்டுக் கணினி தினமும் நடுக்கடலில் ஒரு துறை கட்டிக்கொடுக்கிறது.

"ஆனா நடுக்கடல்ல அவ்வளவு சூடு ஏது அண்ணே? அன்னிக்கே அந்த எண் எப்படி வந்தது?"

கம்பி அண்ணன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "கருவியை நான்தானே மாட்டினேன். எஞ்சின் அறையில, தண்ணி உள்ள வர்ற குழாய்ல. எஞ்சினோட அனல்ல எப்பவுமே ஒண்ணரை டிகிரி கூடத்தான் காட்டும். கழிச்சுக்கணும்னு உன் வீட்டுக்காரர்கிட்டயே சொன்னேன். அவர்தானே அந்தக் குழாயை வாராவாரம் திறந்து பாசி எடுத்தவர். 'எதுக்கு அண்ணே கழிக்கணும், என் பக்கத்துல இருந்த தண்ணி சூடாத்தான் இருக்கும்'னு சிரிச்சார்."

இருபத்தொன்பது அரை. நாலு வருடமாக அவள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது கடலின் சூடு அல்ல. அவன் நின்ற அறையின் சூடு. அவன் கை வைத்த குழாயின் சூடு. எல்லாம் அணைந்த பிறகும் அதை அணைய விடாமல் ஒரு எண் பிடித்து வைத்திருக்கிறது. அந்த எண்ணைச் சுற்றிப் பத்தொன்பது கட்டத்துக்கு ஒரு பொய்த் துறை. அந்தத் துறையை நம்பி ஆறு படகுகள்.

"நீ மேல போகாதே," என்றார் கம்பி அண்ணன். "கேண்டீன்ல போய் ஒரு டீ குடி. நான் அழுத்திடறேன். இல்லேன்னா ஒண்ணு செய்யலாம். சார் சொன்ன மாதிரி விதியை இருபதாக்கிடு. துண்டு மறைஞ்சிடும், படகும் திரும்பிடும். கப்பலைத் தொட வேண்டாம். அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்."

இருந்துட்டுப் போகட்டும். அந்தச் சொல் அவளை ஒருகணம் தாலாட்டியது. மேலே வந்து விதியை இருபதாக்கிப் பார்த்தாள். படம் மறுபடி வரைந்துகொண்டது. முரடன் நடுத்துண்டை ஒரே வாயில் விழுங்கினான். எவ்வளவு சுலபம்! படகுகளுக்கு ஆபத்து இல்லை. கப்பல் 'பணியில்' இருக்கும். படத்தில் தெரியாது, ஆனால் உள்ளே எங்கோ தினமும் ஒரு குரல் கொடுத்துக்கொண்டிருக்கும். சாயங்காலம் மாமியாருக்குச் சொல்ல அதே எண்ணும் இருக்கும்.

பிறகு ஆற்று வாய்ப் பக்கம் பார்த்தாள். சுழியும் போயிருந்தது. அதன்மேல் 'வாய்' பரந்து, வழி திறந்திருக்கிறது, போகலாம் என்றது. கரைக்குத் திரும்புகிற சின்னப் படகுகளின் புள்ளிகள் வரிசையாக அந்தப் பக்கம்தான் வந்துகொண்டிருந்தன. அவற்றில் ஒவ்வொன்றிலும் யாருடைய பிள்ளையோ, யாருடைய கணவனோ. தன் வீட்டு ஆள் ஒருவனை நீருக்கு மேலே வைத்துக்கொள்ள, பேர் தெரியாத எத்தனை பேரை அவள் உள்ளே தள்ளுவாள்?

விதியைத் திரும்பப் பன்னிரண்டாக்கினாள். சுழி வந்தது. குளமும் வந்தது.

கம்பி அண்ணன் பின்னாலேயே ஏறி வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். கப்பல்களின் வரிசையை அவரே திறந்துகொடுத்தார். அந்தப் பெயருக்கு நேரே நாலு சொற்கள் வந்தன. பணியில். துறையில். ஓய்வு. மூழ்கியது.

"தள்ளிக்கோம்மா, நான்..."

"இல்ல அண்ணே. என் ஆளு. நான்தான்."

கடைசிச் சொல்லை அழுத்தினாள். 'உறுதியா?' என்று கணினி கேட்டது. இத்தனை வருடத்தில் அவளிடம் அந்தக் கேள்வியை நேருக்கு நேர் கேட்டது அது ஒன்றுதான். அழுத்தினாள்.

திரையின் ஓரத்திலிருந்து படம் மெதுவாகப் புதுப்பித்துக்கொண்டு வந்தது. துறையின் நிறம் நடுக்கடலில் ஒருகணம் நின்றது. அவளுக்கு அது விளக்கு எரிகிற ஒரே ஜன்னல் மாதிரி இருந்தது. பிறகு முரடன் அதன்மேல் மூடினான். ஆற்று வாய்ச் சுழி அதன் இடத்திலேயே இருந்தது. கம்பி அண்ணன் கழுத்துக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெளியே போனார்.

எச்சரிக்கை கிளம்பியது. ஆனால் எல்லோரும் உடனே பார்ப்பார்களா? வானொலி அறைக்குப் போனாள். ஒலிவாங்கியைத் தொட அவளுக்கு உரிமையில்லை. ஆப்பரேட்டர் அவள் முகத்தைப் பார்த்தான்; எழுந்து இடம் விட்டான்.

கரகரப்புக்கு நடுவே கொழுந்தனின் குரல் வந்தது. "அண்ணியா? என்ன அண்ணி, நீங்க ரேடியோவுல? பாட்டுப் போடப் போறீங்களா?"

"எங்க இருக்கீங்க?"

"குளத்துக்கு வந்துட்டோம். டிரைவர் நங்கூரம் போடச் சொல்றார்."

"போட வேண்டாம். குளம்னு ஒண்ணு இல்லப்பா. எப்பவுமே இல்ல. என் தப்பு. ராத்திரி பெரிய காத்து அங்கதான் வருது. எல்லாரையும் கூட்டிக்கிட்டு உடனே திரும்பு."

"படத்துல இருக்கே அண்ணி?"

"இப்ப பாரு."

கரகரப்பு. யாரோ யாரையோ திட்டுகிற சத்தம். பிறகு அவன் குரல், சின்னப் பையன் குரல் போல: "போயிடுச்சு."

"ஆமா."

"அண்ணி... அது அண்ணன் இருந்த இடம்தானே?"

ஆப்பரேட்டர் தலையைத் திருப்பிக்கொண்டான். "ஆமாப்பா," என்றாள். "இருந்த இடம்."

எஞ்சின் கிளம்புகிற சத்தம். அப்புறம், "டிரைவர் திருப்பறார் அண்ணி. வெச்சிடறேன்."

இருட்டத் தொடங்கும் முன்னே ஆறு புள்ளிகளும் துறைக்குள் வந்து சேர்ந்ததைப் பார்த்துவிட்டுத்தான் அவள் கிளம்பினாள். வழியெல்லாம் மழை. குடை ஒரு திருப்பத்தில் மேல்நோக்கி மடங்கிக்கொண்டது. அதை அப்படியே பிடித்துக்கொண்டு நடந்தாள். கிளம்பும்முன் அந்தக் கட்டத்தைப் பார்க்கத்தான் செய்தாள். பழக்கம் விடுமா?

கதவைத் திறந்த மாமியார் அவள் ஈரச் செருப்பைக் கழற்றும்வரை காத்திருந்தாள்.

"அங்க எப்படி இருக்கு?"

அவள் நிமிர்ந்தாள். "இருபத்தாறு முக்கால் அத்தை. பெரிய அலை."

மாமியார் தப்பாகக் கேட்டுவிட்டவள் போலத் தலையைச் சாய்த்தாள். "ஒரே நாள்ல அவ்வளவு இறங்குமா?"

"இன்னிக்கு இறங்கல. முன்னாடியே இறங்கிடுச்சு. எனக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சது."

மாமியார் அவள் முகத்தைப் பார்த்தாள். மடங்கிய குடையைப் பார்த்தாள். அதை வாங்கி ஒவ்வொரு கம்பியாக நிமிர்த்தத் தொடங்கினாள். எல்லாக் கம்பியையும் நிமிர்த்திய பிறகு சுவரோரம் சாய்த்து வைத்தாள்.

"குளிர்ந்துடுச்சா," என்றாள். கேள்வியாகச் சொல்லவில்லை.

அந்த நேரத்தில்தான் கொழுந்தன் வந்தான். தலைமுதல் கால்வரை தண்ணீர் சொட்ட, பற்கள் தந்தியடிக்க, வாசற்படியிலேயே நின்றான். உள்ளே வந்தால் தரை நனைந்துவிடும் என்று அம்மா கத்துவாள் என்று பயம்.

அம்மா கத்தவில்லை. கதவுக்குப் பின்னால் போனாள். கொக்கியிலிருந்து வெளிர்நீலச் சட்டையை எடுத்தாள்.

"இந்தா. தலையைத் துவட்டிக்கிட்டு இதைப் போட்டுக்கோ."

"அம்மா, இது அண்ணன்து."

"எனக்குத் தெரியாதாடா? போடு. நீயாவது குளிராம இரு."

மாமியார் தேநீர் வைக்க உள்ளே போனாள். அடுப்புப் பற்றுகிற சத்தம் கேட்டது. அதன்பிறகு வெகுநேரம் வேறு எந்தச் சத்தமும் அங்கிருந்து வரவில்லை.

கொழுந்தன் முதுகைத் திருப்பிக்கொண்டு சட்டையை மாட்டினான். பின்னாலிருந்து பார்க்க, தோளும் கழுத்தும் அப்படியே அவள் கணவன்தான். அவள் பார்வையை மழைப் பக்கம் திருப்பினாள். கை நீளமான சட்டை, விரல்களை மூடியது. மடித்துவிட்டுக்கொண்டே அவன் தாழ்ந்த குரலில் சொன்னான்:

"அண்ணி, இன்னிக்கு நீங்க ரேடியோவுல வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் எஞ்சினை அணைச்சோம். வழக்கம்போல டுக்கு டுக்குன்னு கேட்டுது. எல்லாரும் காலை மரத்துல வெச்சுக்கிட்டு நின்னோம். திடீர்னு நின்னுடுச்சு. யாரோ சாவியைத் திருப்பி அணைச்ச மாதிரி." மடிப்பைச் சரிசெய்தான். "அப்புறம் அவ்வளவு அமைதி. எனக்கு அப்பதான் அந்த இடத்துல பயமா இருந்தது."

எத்தனை மணிக்கு என்று கேட்க அவளுக்கு நாக்கு வரை வந்தது. கேட்கவில்லை. உள்ளே தேநீர் பொங்கி அடுப்பில் வழிகிற வாசனை வந்தது. மாமியாரை எழுப்புகிற மாதிரி மெதுவாக "அத்தை" என்று கூப்பிட்டுக்கொண்டே அவள் உள்ளே போனாள்.